காணித் தரகனின் நாளொழுக்கம்

யாழ்ப்பாணத்துப் பேச்சு வழக்கிலே ‘புறோக்கர்’ என்பது மரியாதையோடு வழங்கும் சொல்லன்று. கலியாணப் புறோக்கர், காணிப் புறோக்கர் என இரு பிரிவினர் உளரெனினும் ஊரவர் பார்வையில் இருவரும் ஒருவரே. பல வேளைகளில் உண்மையிலும் ஒருவரே. சீதனம் என்னும் ஏற்பாடு நிலத்தையும் திருமணத்தையும் ஒரே முடிச்சிற் பிணைத்திருப்பதால், பெண்ணின் சாதகக் குறிப்பைக் கேட்டு வந்தவர் அவளுடைய தாயின் வளவு எத்தனை பரப்பு என்பதையும் விசாரிப்பது இயல்பாயிற்று. குடை, வெற்றிலைப் பை, சட்டைப்பையில் நாலாக மடித்த கடதாசி ஆகியவற்றோடு நம் நாடக மேடைகளிலே இவர் தோன்றினால் அவையோர் சிரிப்பதற்கு ஆயத்தமாகி விடுவர். அச்சிரிப்பில் நியாயம் இல்லையெனக் கூறிவிட முடியாது. எனினும், இத்தொழிலை அதன் உள்ளே நின்று நோக்கியோர் மிகச் சிலரே. அரசாங்க நியமனத்துக்காக ஆண்டுக்கணக்கிற் காத்திருக்கும் பட்டதாரிகளுள் சிலர் அண்மைக் காலத்தில் இதனுள் நுழைந்திருக்கின்றனர். ஒரு தொழிலைத் தொடங்குபவன் தன்னைத் தானே எவ்வாறு பழக்கிக்கொள்கிறான் என்பதை அறிய விரும்புவோருக்கு இவர்களின் முதலிரண்டு ஆண்டுகள் நல்ல களமாகும்.

வடமராட்சியைச் சேர்ந்த இளைஞர் ஒருவரின் வரலாறு இதற்குச் சான்றாகும். கலைத்துறைப் பட்டதாரி, தந்தை இல்லை, தாயின் காப்புகள் மூன்று வங்கியொன்றில் அடைவில் இருந்தன. மாமன் முறையான ஒருவர் தம் தோட்டக் காணியை விற்றுத்தருமாறு கேட்டதும் அது விற்றுப்போனதும் ஏறத்தாழத் தற்செயல்கள். கையிற் கிடைத்த சிறு தொகையைக் கண்டு, இதுவே தொழில் என அவர் துணிந்தார். இத்துறையில் நுழைபவனிடம் எவரும் சான்றிதழ் கேட்பதில்லை. ஒரு துவிச்சக்கர வண்டியோ மோட்டார்ச் சைக்கிளோ, ஒரு கைத்தொலைபேசியோ இருந்தாற் போதும். நுழைவது எளிதாதலின் நிலைப்பது அரிதாயிற்று.

முதலாறு வாரங்களும் அவர் மிகுந்த சுறுசுறுப்போடு ஒன்றும் செய்யவில்லை எனலாம். காலை எட்டு மணிக்குப் பின் எழுந்து, சந்தியிலுள்ள தேநீர்க் கடையில் அமர்ந்து, அங்கு வருவோரிடம் “ஆரும் காணி விக்கினமோ?” என விசாரிப்பதே வேலையாக இருந்தது. மாலையிலே உடல் களைத்திருக்கும். களைப்பை உழைப்பெனக் கொள்வது மனித இயல்பு. கந்தோரிற் பணிபுரிபவனுக்குக் கையொப்பப் புத்தகம் உண்டு. ஆசிரியனுக்கு மணி உண்டு. கமக்காரனுக்கு மழையும் பயிரும் கட்டளையிடும். தரகனுக்கோ எதுவுமில்லை. அவனுடைய நாள் அவன் கையில் முற்றாக ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. பல்கலைக்கழக மாணவர் சிலருக்கும் இந்நிலை அறிமுகமானதே.

அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1890இல் வெளியிட்ட தமது பெருநூலில் பழக்கத்துக்கெனத் தனி அத்தியாயம் ஒன்றை ஒதுக்கினார். நற்பண்பு பிறவியில் வருவதன்று, செய்து செய்து படிவது என்பது அவருக்குப் பல நூற்றாண்டு முன்பே அரிஸ்ரோட்டில் கொண்டிருந்த கருத்தாகும். இவற்றை அவ்விளைஞர் பட்டப் படிப்பின்போது படித்திருக்கவும் கூடும். ஆயின் அவரை மாற்றியது நூலறிவன்று. நெல்லியடிப் பக்கத்தில் நாற்பதாண்டு இத்தொழில் செய்து முதிர்ந்த ஒருவர், தேநீர்க் கடையில் அவரைப் பலநாள் கவனித்துவிட்டு ஒருநாள் இவ்வாறு கூறினார்: “தம்பி, காணி ஒரு இடமும் ஓடாது; ஆக்கள்தான் ஓடுவினம். நீர் இஞ்சை இருந்து ஆக்களைப் பாக்கிறீர். முதல்லை போய்க் காணியைப் பாரும்.”

அவர் சொன்னது இளைஞருக்கு உடனே விளங்கவில்லை. காணியைப் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? வேலி தெரியும், கிணறு தெரியும், வீதி தெரியும். அடுத்த நாள் முதியவரோடு ஒரு வளவுக்குச் சென்றபோதுதான், தாம் காணாதவை எத்தனை என அவர் உணர்ந்தார். முதியவர் நுழைவாயிலால் உள்ளே செல்லவில்லை. முதலில் ஒழுங்கையைச் சுற்றி நான்கு எல்லைகளையும் வெளிப்புறத்தே நடந்து பார்த்தார். ஒரு பக்கத்துக் கதியால்கள் முதியவை, மறுபக்கத்தவை இளையன. இளைய கதியால் நட்டிருக்கும் வேலி ஏன் புதிதாயிற்று, அது பழைய இடத்திலேயே நிற்கிறதா, அயலவன் ஒரு முழம் உள்ளே தள்ளி நட்டானா என்பன அவருடைய வினாக்கள். பின்னர் கிணற்றடிக்குச் சென்று, அது பங்குக் கிணறா தனிக் கிணறா என விசாரித்தார். பங்குக் கிணறாயின் எத்தனை பங்கு, தண்ணீர் இறைக்கும் வாய்க்கால் எவர் காணியூடாகச் செல்கிறது, வழிப் பாத்தியதை உறுதியில் எழுதப்பட்டுள்ளதா, வெறும் வாய்ப்பேச்சா? இறுதியாகத் தண்ணீரை அள்ளிக் குடித்துப் பார்த்தார். குடாநாட்டின் நிலத்தடி நீர் சுண்ணாம்புக் கல்லினுள்ளே, உவர்நீர்மீது மிதக்கும் நன்னீராகும். மிகுதியாக இறைத்தால் கீழேயுள்ள உவர் மேலெழும். ஆதலால் மாரியில் இனிக்கும் கிணறு ஆவணியில் உவர்க்கலாம். 2014, 2015ஆம் ஆண்டுகளிலே சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்தமை பெரும் பேச்சானதன் பின், வாங்க வருவோர் முதலிற் கேட்பதும் தண்ணீரைப் பற்றியே.

அன்று முதல் இளைஞர் ஒரு விதியை வகுத்துக்கொண்டார். எந்தக் காணியையும், தாம் தனியே ஒரு தடவை சென்று பாராமல், வாங்குபவருக்குக் காட்டுவதில்லை; இயலுமாயின் கோடையில் ஒரு தடவையும் கார்த்திகை மழைக்குப் பின் ஒரு தடவையும் பார்ப்பது. கோடையில் அழகாகத் தோன்றிய ஒரு வளவு மார்கழியில் முழங்கால் அளவு வெள்ளத்தில் நின்றதைக் கண்டபோது, அதைக் கோடையிலேயே விற்றிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என அவர் எண்ணினார். வேறு சிலர் அதைக் கோடையிலேதான் விற்பர்.

அளவையிலும் இத்தகைய கவனம் வேண்டியிருந்தது. 1 ஏக்கர் 16 பரப்பு என்பதும், 1 பரப்பு 18 குழி என்பதும் குடாநாட்டார் அறிந்ததே. கொழும்பிலிருந்து வருபவர் பேர்ச் கணக்கிற் கேட்பர். 10 பேர்ச் 1 பரப்பாகும். ஆனால் பழைய உறுதிகளிலே வரகு விதைப்புப் பரப்பு, நெல் விதைப்புப் பரப்பு என இருவகை அளவு வரும், இரண்டும் ஒன்றல்ல. வயற்காணியின் உறுதியிலுள்ள பரப்பைத் தோட்டக் காணியின் பரப்பாகக் கொண்டு விலை பேசியவர் இரு தரப்பாராலும் ஏச்சு வாங்க நேரும். 1990இல் மக்கள் இடம்பெயர்ந்த வலிகாமம் வடக்கிலோ, விடுவிக்கப்பட்ட காணிகள் பலவற்றில் வேலியும் இல்லை, மதிலும் இல்லை, அடையாள மரமும் இல்லை. அங்கே நில அளவையாளரின் பழைய படமும், அயற்காணிக்காரரின் ஞாபகமும் அன்றி வேறு எல்லைக்கல் கிடையாது.

இனி, தொலைபேசி. காணிச் சொந்தக்காரருட் பெரும்பாலோர் ரொறன்ரோவிலும் லண்டனிலும் சூரிச்சிலும் இருக்கின்றனர். கோடை காலத்தில் யாழ்ப்பாணத்திற் காலை 6 மணி ஆகும்போது ரொறன்ரோவில் முதல் நாள் இரவு 8.30. வேலை முடிந்து, உணவருந்தி, ஊரை நினைக்கும் நேரம் அது. எட்டு மணிக்கு எழுபவன் அந்த நேரத்தைத் தவறவிடுகிறான். ஆதலின் ஐந்தரைக்கு எழுவது என்பது இளைஞருக்கு ஒழுக்க நூல்கள் கூறும் அறமாக அன்றி, வெறுங் கணக்காகவே வந்து சேர்ந்தது. பழக்கம் நிலைப்பதற்கு அதுவே காரணமும் ஆயிற்று. காரணமின்றி அதிகாலையில் எழ முயன்றவர்கள் மூன்றாம் நாளிற் கைவிட்ட கதைகள் விடுதி மாணவருக்குப் புதியனவல்ல.

பகலிலே கடிதங்களும் உறுதிகளும். இத்தொழிலின் சாரம் இங்கேதான் இருக்கிறது. புதியவர் பெரும்பாலோர் வெறுத்து ஒதுக்குவதும் இதனையே. அசையா ஆதனத்தின் விற்பனை, பிரசித்த நொத்தாரிசு ஒருவர் முன்னும், ஒரே வேளையில் உடனிருக்கும் இரு சாட்சிகள் முன்னும் எழுத்தில் ஒப்பமிடப்பட்டாலன்றிச் செல்லாது என்பது 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். உறுதியைப் பதிவு செய்யாது வைத்திருப்பவனை, பின்னர் பணங்கொடுத்து வாங்கி முந்திப் பதிவு செய்தவன் வென்றுவிடலாம் என்பது 1927ஆம் ஆண்டின் பதிவுச் சட்டத்தின் விளைவு. இவற்றுக்கு மேலாகத் தேசவழமை. ஒல்லாந்தர் காலத்தில் 1707இல் எழுத்தில் தொகுக்கப்பட்டு, ஆங்கிலேயரால் 1806இல் சட்டவலு அளிக்கப்பட்ட இவ்வழமை, முதுசம், சீதனம், தேடியதேட்டம் என ஆதனத்தைப் பாகுபடுத்துகிறது. பிரிக்கப்படாத பங்கொன்று விற்கப்படும்போது உடன்பங்காளருக்கும் உரித்தாளராக வரக்கூடியவருக்கும் முதலில் வாங்கும் உரிமை உண்டென 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கச் சட்டம் வரையறுத்தது. மணமான பெண் தன் சீதனக் காணியைத்தானும் கணவனின் எழுத்து மூலமான சம்மதமின்றி விற்க முடியாது என்பது 1911ஆம் ஆண்டின் சட்டம்.

இவ்விறுதி விதி ஏட்டில் ஒரு வரியாகத் தோன்றும். போரிலே கணவன் காணாமற்போன பெண்ணுக்கு அது வேறொன்றாகும். இறந்தார் எனச் சான்று பெற அவள் மனம் இசையவில்லை. இருக்கிறார் எனக் காட்டவும் வழியில்லை. பிள்ளையின் படிப்புக்காகத் தன் தாய் தந்த 2 பரப்பை விற்க மாவட்ட நீதிமன்றத்தின் அனுமதியை அவள் நாட வேண்டியிருக்கிறது. இத்தகைய ஒருவரிடம், “அதெல்லாம் பிரச்சினையில்லை அக்கா, முற்பணம் வாங்குவம்” எனக் கூறும் தரகனும் உண்டு. நீதிமன்றத்துக்கு எத்தனை தவணை செல்லவேண்டி வரும் என முதல்நாளே கூறும் தரகனும் உண்டு. முதலாமவனுக்கு வாடிக்கை விரைவிற் கிடைக்கும் என்பதை மறைத்துப் பயனில்லை.

உறுதி தொலைந்துவிட்டது என்போர் பலர். 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் வீட்டோடு விட்டுச் சென்ற இரும்புப் பெட்டியோடு உறுதியும் போயிற்று. அவர்களுக்குச் சொல்லத்தக்க நற்செய்தி ஒன்றுண்டு. நொத்தாரிசு தாம் எழுதிய உறுதிகளின் இணைப்பிரதியை மாதந்தோறும் காணிப் பதிவகத்துக்கு அனுப்புதல் வேண்டும்; ஆதலின் இலக்கமும் ஆண்டும் ஓரளவு தெரிந்தால் தேடிப் பிரதி பெற வாய்ப்புண்டு. இதைக்கூட அறியாது, காணியை அடிவிலைக்குத் தள்ளிவிட்டவர்களும் இருக்கின்றனர்.

ஆகவே, கிழமையில் ஒரு முற்பகலைக் காணிப் பதிவகத்துக்கு என இளைஞர் ஒதுக்கினார். விற்பனைக்கு வந்த ஒவ்வொரு காணியின் பதிவேட்டுப் பக்கத்தையும், முற்பணப் பேச்சுக்கு முன்னரே பார்த்துக் குறிப்பெடுப்பது என்பது அவருடைய இரண்டாம் விதி. இவ்விதி முதலாண்டிலேயே சோதனைக்குள்ளாயிற்று.

நல்லூர்ப் பகுதியில் 2 பரப்பு வளவு. விற்பவர் எழுபதைக் கடந்தவர். தந்தையார் 1978இல் தமக்கு எழுதிய நன்கொடை உறுதியைக் கையில் வைத்திருந்தார். வாங்க வந்தோர் சுவிற்சர்லாந்திலிருந்து விடுமுறையில் வந்த தம்பதியர், வெள்ளிக்கிழமை விமானம். புதன்கிழமை முற்பணம் எனத் தீர்மானமாயிற்று. செவ்வாய்க்கிழமை பதிவேட்டைப் பார்த்தபோது, 1984இல் அப்பெரியவரே அரைவாசிப் பங்கைத் தங்கையின் கலியாணத்துக்குச் சீதனமாக எழுதிப் பதிந்திருந்தமை தெரியவந்தது. தங்கை கனடாவில். கேட்டபோது பெரியவர் மறுக்கவில்லை. “அவள் அங்கை போய் எத்தினை வருஷம்! அவளுக்கு உந்தப் பங்கு என்னத்துக்கு? இந்த வீட்டைப் பாத்தது நான், வரி கட்டினது நான்” என்றார். அவர் கூறியதில் உண்மையும் இருந்தது. பத்தாண்டுக்கு மேற்பட்ட ஆட்சியால் உரித்துத் தேடும் ஏற்பாடு 1871ஆம் ஆண்டுச் சட்டத்தில் உண்டு. ஆனால் உடன்பங்காளருள் ஒருவர் தனியே இருந்துவிட்டதனால் மாத்திரம் மற்றவரின் பங்கு அவருக்கு வந்துவிடாது என்பது நீதிமன்றங்கள் நெடுங்காலமாகக் கொண்டுள்ள நிலைப்பாடு. போதாததற்கு, போர்க்காலத்தில் உரிமையை நிலைநாட்ட இயலாதிருந்தோருக்கு 1983 மே முதல் 2009 மே வரையான காலத்தைக் கழித்துப் பார்க்க 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் வழிசெய்தது.

அன்று மாலை, இத்துறையில் இளைஞரைவிடச் சில ஆண்டு மூத்தவரான மற்றொரு தரகர் ஆலோசனை கூறினார்: பதிவேட்டைப் பார்ப்பது நொத்தாரிசின் வேலை, தரகனின் வேலையன்று. சட்டப்படி அது சரியே. நொத்தாரிசு பதிவேட்டைத் தேடிப் பார்த்தல் வேண்டும். ஆயினும் தேட வேண்டாம் எனத் தரப்பினர் எழுதிக்கொடுத்தால் தேடாமலும் உறுதி முடிக்கலாம். விமானத்துக்கு அவசரப்படுவோர் எழுதிக்கொடுப்பர். அந்த மாதத்திலே அடைவுக் காப்பின் வட்டி கட்டவேண்டிய நாளும் நெருங்கியிருந்தது. தரகுப் பணம் கிடைத்திருப்பின் மூன்று காப்பும் மீண்டிருக்கும். பல ஆண்டு உழைப்பின் சேமிப்பைக் கொண்டுவந்திருந்த அத்தம்பதியரோ, தாம் வாங்குவது அரைவாசி வளவு என்பதை அறியார்.

செவ்வாய் இரவு இளைஞர் இரு தரப்பாருக்கும் செய்தியைச் சொன்னார். அவர் பெரிதும் தத்தளித்ததாகத் தெரியவில்லை. குறிப்புப் புத்தகத்தில் எழுதியாகிவிட்டது; எழுதியதை மறைப்பது, எழுதாததை மறந்துபோவதைவிடக் கடினம் எனப் பின்னொருகால் அவர் கூறியதாகச் சொல்வர். தம்பதியர் வெள்ளியன்று பறந்துவிட்டனர். பெரியவர் சினந்து, “காணி குழப்பி” என்ற பட்டத்தைச் சந்திக்குச் சந்தி சூட்டினார். நான்கு மாதம் அப்பகுதியிலிருந்து ஒரு காணியும் அவரிடம் வரவில்லை.

அந்தக் குறிப்புப் புத்தகம் பற்றியும் சிறிது கூறவேண்டும். எண்பது பக்கக் கொப்பிதான். ஒவ்வொரு நாளும் இரவு உணவுக்கு முன் அரைமணி நேரம், அன்று கண்ட காணி, பேசிய ஆள், சொன்ன விலை, கொடுத்த வாக்கு என்பவற்றை அவர் எழுதினார். வாக்கு என்பதற்கு மாத்திரம் சிவப்பு மை. ‘வெள்ளி மூன்று மணிக்கு ரெலிபோன் எடுப்பன்’ என்பதும் அவர் கணக்கில் வாக்கே. தொடக்கத்தில் சிவப்பு வரிகளிற் பாதிக்குமேல் நிறைவேறாதிருந்தன. வாக்கைக் காப்பாற்றும் ஆற்றலை வளர்ப்பதிலும், கொடுக்கும் வாக்கைக் குறைப்பது எளிதெனச் சில மாதத்தில் அவர் கண்டுகொண்டார். இது சிறிய தந்திரமாகத் தோன்றினும், அவருடைய பழக்கங்கள் யாவற்றிலும் பயன் மிகுந்தது இதுவே எனத் துணியலாம்.

விலை கூறுவதில் வேறொரு சிக்கல். தரகன் இரு முகம் உடையவன்; விற்பவன் கேட்டதை ஏற்றியும், வாங்குபவன் சொன்னதை இறக்கியும் கூறி நடுவே இலாபம் காண்பது பழைய வித்தை. சேய்மையில் இருப்பவனுக்குத் தரகனின் சொல்லே சந்தை விலை. 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டுப் புத்தளம் முதலிய இடங்களில் வாழ நேர்ந்த யாழ்ப்பாண முஸ்லிம்களுட் சிலர், தாம் காணமுடியாதிருந்த தம் வளவுகளை இத்தகைய சொல்லை நம்பியே விற்க நேர்ந்தது. வள்ளுவர் வாணிகத்தின் நேர்மையைப் பொருட்பாலில் வையாது, அறத்துப்பாலில் நடுவுநிலைமை அதிகாரத்தின் ஈற்றிலே வைத்தமை ஈண்டு சிந்திக்கத்தக்கது. நடுவே நிற்பவனுக்கு நடுவுநிலைமை தொழிற் பெயராகவே அமைந்துவிடுகிறது. இளைஞர் இதில் முழு வெற்றி கண்டார் எனக் கூறமுடியாது. இரு தரப்பும் கூறிய விலையை அவ்வாறே மறுதரப்புக்குச் சொல்லத் தொடங்கியபின் இரண்டு பேச்சுகள் முறிந்தன. பேரம் பேசுவதிலே மக்கள் காணும் இன்பத்தை அவர் கெடுத்துவிட்டார் போலும்.

ஆடியிலும் மார்கழியிலும் காணி வாங்குவார் இல்லை. அட்டமி, நவமி, கரிநாள் கழித்தால் நல்ல மாதத்திலும் உறுதி முடிக்கும் நாட்கள் சில. புதிய தரகர் பலர் தொழிலைக் கைவிடுவது இம்மாதங்களிலேயே. இளைஞர் முதல் ஆடியை வீட்டிற் கழித்து மனம் சோர்ந்தார். இரண்டாம் ஆடியில் ஒரு வேலை செய்தார்: கொப்பிகள் மூன்றையும் எடுத்து, காணிகளை ஊர்வாரியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பதிவேட்டு இலக்கம், அளவைப்பட இலக்கம், கிணறு, வெள்ளம், அயலவர் எனப் புதிய ஏடொன்றில் எழுதலானார். நல்லூர் வளவின் பக்கமும் அதிலுண்டு. அண்ணனும் தங்கையும் இன்னும் தொலைபேசியில் வாதிட்டுக்கொண்டிருக்கின்றனர். 1977ஆம் ஆண்டின் பிரிவிடற் சட்டத்தின் கீழ் வழக்கிடுவது பற்றியும் பேச்சிருக்கிறது. அப்பக்கத்தின் அடியில் சிவப்பு மையில் ஒரு வரி: ‘தைக்குப் பிறகு தங்கச்சிக்காரிக்குக் கதைக்க.’

காப்புகளில் ஒன்று சென்ற சித்திரையில் மீட்கப்பட்டது. மற்றைய இரண்டும் அடைவிலேயே உள்ளன. வட்டி மாத்திரம் தவறாது கட்டப்படுகிறது.